பேரணியை அழித்த சாயங்காலம்

எங்கள் ஆபீஸ் மெஷின்களுக்கு ரயில் நிலையங்களின் பெயர்களை வைத்தவள் நான்தான். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம் என்று வரிசையாக வைத்தேன். தினமும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சரில் போய் வருகிறவளிடம் பெயர் வைக்கிற வேலையைக் கொடுத்தால் வேறென்ன வைப்பாள்? "ஒன்னு, ரெண்டுனு நம்பர் போட்டா போதாதாம்மா இசைவாணி?" என்று முதலாளி சீனுவாசன் சார் கேட்டார். நம்பரைச் சொல்லி ஒன்றை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

மெஷின் என்றதும் ஆபீசுக்கு வருகிறவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். உரக்கடை மாடியில் மூன்று மேஜை, ஒரு தண்ணீர் கேன், சீனுவாசன் சார், இவ்வளவுதான் இருக்கும். மெஷின்கள் எல்லாம் எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம், குளிரூட்டிய ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கின்றன. அங்கே ஓடுகிற பெரிய கம்ப்யூட்டரில் ஒரு துண்டைப் பிரித்து, தனிக் கம்ப்யூட்டர் மாதிரி நமக்கு வாடகைக்குக் கொடுப்பார்கள், நாங்கள் அதை ஏதாவது ஒரு கம்பெனிக்கு ஒதுக்கிப் பார்த்துக்கொள்வோம். அதைத் தொட முடியாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் பிறக்கும். இன்னொரு வரி அடித்தால் தூங்கும். வேறொரு வரி அடித்தால் இருந்த இடம் தெரியாமல் போகும். தினமும் அதே வரிகளை அடித்து விரல் தேய வேண்டாம் என்று, வரிகளைச் சேர்த்து மூன்று ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். ஒன்று எழுப்பும், ஒன்று தூங்க வைக்கும், ஒன்று அழிக்கும்.

காலையில் எழுப்புகிற ஸ்கிரிப்டை ஓட்டும் நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம். முண்டியம்பாக்கம் எழுந்தது என்று ஒரு வரி வரும். சற்றுப் பொறுத்து, விக்கிரவாண்டி எழுந்தது என்று அடுத்த வரி. ஒவ்வொரு வரிக்கும் என் மனசுக்குள் ஒரு பிளாட்பாரத்தில் விளக்கு எரியும். ஆள் இல்லாத பெஞ்சு, ஈரமான தண்டவாளம், மேகத்துக்குள் நீண்டு போகிற சிக்னல் கம்பங்கள். அந்தப் பாதையில் எந்த ரயிலும் வராது என்று தெரிந்தாலும், கடைசி நிலையம் எழும் வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். டீ ஆறிப்போகும். என் அம்மா சவுரியம்மாள் என்னைக் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறவள் என்பாள். பெற்றவள் சொன்னால் பொய்யாகுமா?

பேரணி என்ற மெஷின் யாருக்கும் ஒதுக்காமல் சும்மா இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டவன் வல்லரசு. அடுத்த மேஜைக்காரன், காணைப் பக்கத்துப் பையன். அவன் அப்பா முருகையனுக்குத் தொண்டையில் புற்று வந்து, போன வருஷம் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது, பேச்சு போய்விட்டது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் வாட்ஸப்பில் எதையும் பேசித்தான் அனுப்புவார். மூன்று வருஷமாக அப்படி அவர் மகனுக்கு அனுப்பிய குரல் செய்திகள் எல்லாவற்றையும் பேரணியில் ஏற்றி, எதை அடித்தாலும் அதை அப்பாவின் குரலில் பேசும்படி அந்த மெஷினைப் பழக்கிக்கொண்டிருந்தான் வல்லரசு.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவன் தங்கை அஸ்வினிக்கு ஞாயிற்றுக்கிழமை பரிசம். தட்டு மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர் சபையில் நின்று, "வெத்தல பாக்கு எங்களுது, பொண்ணு உங்களுது" என்று மூன்று தரம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் சம்மதம் ஆனதாகக் கணக்கு. பேச முடியாதவருக்குப் பதிலாக அவருடைய பெரியப்பா மகன் சொல்லட்டும் என்றார்கள் உறவுக்காரர்கள். முருகையன் கையில் இருந்த டம்ளரை விட்டெறிந்தாராம்.

"அப்பன் இல்லாத பொண்ணுக்குத்தான் பங்காளி சொல்லுவான். 'நான் என்னா செத்தா போய்ட்டேன்'னு அர்த்தம், அவரு டம்ளர எறிஞ்சதுக்கு," என்றான் வல்லரசு. "சபையில அவரு கொரல்தான் கேக்கணும். அதுக்குத்தான் இவ்ளோ பாடு பட்டுக்கினு இருக்கேன்."

"போன்லயும் ஒரு காப்பி வெச்சிக்க வல்லரசு," என்றேன் நான்.

"போனு கெணத்துல வுழும். மெஷினு எங்க வுழப் போவுது?" என்று சிரித்தான். பழைய போனைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கியிருந்தான், பழைய செய்தி எதுவும் அதில் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மயிலத்தை அழிக்கச் சொல்லியிருந்தார் சீனுவாசன் சார். அதை வைத்திருந்த கம்பெனி தொழிலை மூடிவிட்டதாம். ஆபீசில் மறந்துவிட்டேன். சாயங்காலப் பாசஞ்சரில் ஜன்னல் சீட்டு கிடைத்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா மல்லாட்டை, மல்லாட்டை என்று கூவி அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டு வந்தாள். ஒரு பொட்டலம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கரும்புத் தோகை மேல் கிடந்தது. முண்டியம்பாக்கம் போயிற்று, விக்கிரவாண்டி போயிற்று. போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. கண் சொக்கியது.

ஏதோ எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழிவிட வண்டி பேரணியில் நின்றது. எஞ்சின் சத்தம் அடங்கி, அந்த ஊர் முழுக்க அமைதியாக இருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. எனக்குள் எரிகிற பிளாட்பாரமும் இதுவும் ஒன்றாகக் கலந்து, நான் எதில் உட்கார்ந்திருக்கிறேன் என்றே தெரியாத ஒரு சுகம். நேர் எதிரே மஞ்சள் பலகையில் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர். சிக்னல் வந்தது. அழிக்கிற ஸ்கிரிப்டை எடுத்தேன். எந்த மெஷின் என்று அது கேட்டது. கண் முன்னால் இருந்ததை அடித்தேன்.

தவறு நடக்கக் கூடாதென்று நானே அந்த ஸ்கிரிப்டில் ஒரு பூட்டு போட்டிருந்தேன். நிஜமாகவா, பெயரை இன்னொரு தரம் அடி என்று அது கேட்கும். கேட்டது. நிமிர்ந்து பலகையைப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் இன்னொரு தரம் அடித்தேன்.

எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போனது. எங்கள் வண்டியும் கிளம்பியது. மயிலம் பலகை வந்தபோதுதான் அழிக்கச் சொன்ன பெயர் எது என்பது நினைவுக்கு வந்தது. திரையைப் பார்த்தேன். மயிலம் நலமாக ஓடிக்கொண்டிருந்தது. பேரணி பட்டியலிலேயே இல்லை.

மெஷினை அழித்தாலும் அதன் டிஸ்க் சில சமயம் அனாதையாகத் தங்கிவிடும். அதில் இருப்பதை மீட்டுவிடலாம். ஆனால் அப்படிக் குப்பை சேரக் கூடாது என்று, டிஸ்க்கையும் சேர்த்து அழிக்கும்படி நானேதான் போன மாதம் ஒரு வரி சேர்த்திருந்தேன். சுத்தக்காரி என்று பெயர் வாங்கிய பெருமை வேறு. திண்டிவனத்தில் இறங்கி, மேம்பாலத்துக்கடியில் நின்று பேரணியை மறுபடி உருவாக்கும் வரியை அடித்தேன். நாலு நிமிஷத்தில் எழுந்து நின்றது. அதே பெயர், அதே அளவு. உள்ளே ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. மல்லாட்டைப் பொட்டலத்தைச் சீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலை வல்லரசு டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். தள்ளிப் போட்டால் தைரியம் போய்விடும்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்தான், மூடினான். பிறகு சொன்னான்.

"ஆபரேசனுக்கு மொத நாளு எனக்கு ஒரு வாய்ஸ் அனுப்புனாரு. நாப்பது செகண்டு. நான் அத்த கேக்கவே இல்ல இசை."

"ஏன்?"

"கடேசியா பேசுனது. கேட்டுட்டா தீந்து பூடும். வெச்சிருந்தேன். பேரணியில தனியா ஒரு போல்டர்ல வெச்சிருந்தேன்."

அவர் அனுப்பிய போனில் இருக்காதா என்று கேட்டேன். அந்தப் போன் ஆஸ்பத்திரி வராந்தாவில் காணாமல் போய்விட்டதாம். நாற்காலியை ஒரு முழம் அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டான். அந்த ஒரு முழத்தைப் பார்த்துக்கொண்டே அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தேன். செத்துப்போகலாம் போல இருந்தது என்று எல்லோரும் சுலபமாகச் சொல்வார்கள். எனக்கு அன்றைக்கு நிஜமாகவே அப்படி இருந்தது.

அழிந்த நாற்பது வினாடியை என்னால் கொண்டுவர முடியாது. ஆனால் முருகையன் மகனிடம் மட்டுமா பேசியிருப்பார்? மற்றவர்கள் போனில் அவர் குரல் கிடக்குமே. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, காணைக்குப் பஸ் ஏறினேன். வல்லரசு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நிறுத்தத்தில் பைக்கோடு நின்றிருந்தான்.

முருகையன் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்துத் துளையை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. கையில் எவர்சில்வர் டம்ளர். ஆளைக் கூப்பிட அதைக் கட்டில் சட்டத்தில் தட்டுவார். நான் நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஐயா, ஒங்க கொரல வெச்சிருந்த மெஷின நான்தான் அழிச்சேன். வல்லரசு மேல தப்பில்ல. ரயில்ல தூங்கிக்கினே அழிச்சிட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டம்ளர் இரண்டு தரம் தட்டியது. அவர் மனைவி கெங்கம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒன்ன சாப்புட சொல்றாரும்மா. ரயில்ல தூங்குனா பசிக்குந்தான," என்றாள். அவர் உதடு அசைவதைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

கேப்பைக் களியைத் தின்றுகொண்டே அவளிடம் முதலில் கேட்டேன். உங்கள் போனில் ஐயா பேசியது ஏதாவது இருக்குமா?

"என்னாண்ட பேச அவருக்கு எதுக்குமா போனு? கயினியில இருந்து கத்துனா இங்க கேக்கும்," என்று சிரித்தவள், சிரிப்பு பாதியில் நிற்க, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வேப்பமரத்தடிக்கே வந்திருந்த கரும்பு வெட்டு மேஸ்திரி கிருஷ்ணசாமியின் போனில் நிறைய இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே, "திண்டிவனத்துல எந்தப் பக்கம் பாப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பது எனக்கு ஆறு வயசிலிருந்தே தெரியும். "சர்ச்சுக்குப் பின்னால, காலனிங்க," என்றேன், அவர் கேட்காத பதிலையும் சேர்த்து. அவர் போனை நீட்டத் தயங்கினார். கட்டிலிலிருந்து டம்ளர் ஒரே ஒரு தரம் பலமாகத் தட்டியது. போன் என் கைக்கு வந்துவிட்டது.

மோட்டார் ரிப்பேர் செய்யும் புகழேந்தி, பால்காரர், மகள் அஸ்வினி என்று எல்லோரிடமும் வாங்கினோம். வேப்பமர நிழலில் லேப்டாப்பை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். "ஆளு எங்கய்யா? பொழுது உச்சிக்கு வந்துட்ச்சி!" "மோட்டார ஜல்தியா கட்டி குடுய்யா, பயிரு காயுது!" "பாலா இது, தண்ணியா?" "இன்னும் பஸ் ஏறலயா நீ, பேஜாரு புடிச்ச பொண்ணு!" ஒரு மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்தது. எல்லாமே திட்டு. கட்டிலில் இருந்தவர் தன் குரலைத் தானே கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவ்வப்போது உதடு மட்டும் கூடவே அசைந்தது. மத்தியான வெயிலில், இரண்டு முருகையன்கள் இருப்பதுபோல எனக்கு மயக்கமாக இருந்தது. ஒருவர் ஊரையே விரட்டிக்கொண்டிருந்தார், மற்றவர் அதைக் கேட்டு ஓய்ந்து படுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பேரணியில் ஏற்றினோம். இந்தத் தடவை மூன்று இடத்தில் காப்பி எடுத்தேன். சனிக்கிழமை முழுக்க அந்த ஒரு மெஷின் மட்டும் ஓய்வில்லாமல் படித்துக்கொண்டிருந்தது. மற்ற நிலையங்களை எல்லாம் தூங்க வைத்துவிட்டு, அதன் முன்னேற்றத்தை நானும் வல்லரசும் ஆளுக்கொரு மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்காலி அந்த ஒரு முழத்தில்தான் இருந்தது.

ஞாயிறு காலை பந்தலில் சபை கூடியது. தட்டுகள் வரிசையாக இருந்தன. மாப்பிள்ளையின் அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். முருகையன் வெள்ளை வேட்டியில், தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். சோதித்துப் பார்க்க நேரமில்லை, மெஷின் அப்போதுதான் படித்து முடித்திருந்தது. லேப்டாப்பைப் பந்தல் ஸ்பீக்கரோடு இணைத்து, வரியை அடித்தேன். ஒரு தரத்துக்கு மூன்று தரம் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். வல்லரசு தலையை ஆட்டினான். விட்டேன்.

"வெத்தல பாக்கு எங்களுது! பொண்ணு உங்களுது!"

பந்தல் அதிர்ந்தது. மல்லாட்டைக் கொல்லையில் புகுந்த மாட்டை விரட்டுகிற தொனி. மாப்பிள்ளையின் அப்பா பதறி எழுந்து, "சரிங்க, சரிங்க," என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. மெஷினுக்கு நாங்கள் கொடுத்ததெல்லாம் திட்டுதானே, அது வேறெப்படிப் பேசும்?

முதலில் சிரித்தவள் அஸ்வினி. மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டிய இடத்தில், "எங்கப்பாதான்! இதான் எங்கப்பா!" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். பந்தலே சிரித்தது. மேஸ்திரி கிருஷ்ணசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முருகையனின் தோள் குலுங்கியது. சத்தம் இல்லாமல் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, இன்னும் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் அதே அதட்டலோடு பெண்ணைக் கொடுத்து முடித்தார். தட்டு மாறியது.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்தபோது, டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. என்னைத்தான். ஸ்பீக்கர் வயரைக் கழற்றாமலே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கெங்கம்மாள் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். வாழையிலைகளை அள்ளிக்கொண்டிருந்த வல்லரசையும் அவள் கூப்பிட்டாள்.

"ஆசுபத்திரியில அன்னிக்கி ஒனக்கு என்னா பேசுனாருன்னு நீ கேக்கலயாமே. இந்தப் பொண்ணு அழிச்சிட்டாளாமே. இப்ப சொல்றாராம். நீ அடிம்மா."

முருகையன் மகனைப் பார்த்தபடி உதட்டை அசைத்தார். ஐந்தாறு அசைவுதான் இருக்கும். கெங்கம்மாள் சொன்னது அதைவிட நீளம். அவர் சொன்னது எவ்வளவு, அவள் சேர்த்தது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. காதில் விழுந்ததை அப்படியே அடித்தேன். அடித்துவிட்டு, இந்த முறை வல்லரசின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விட்டேன்.

"டேய் வல்லரசு! மோட்டார் கொட்டாய் சாவி ஆணியில மாட்டிக்கீது! நாளைக்கி தொண்டைய எடுத்துருவாங்களாம்! இத்தினி வருசமா ஒன்ன திட்டிக்கினே இருந்துட்டேன்! திட்டுனதெல்லாம் திட்டு இல்லடா!"

கடைசி வார்த்தை பந்தல் முழுக்க அதட்டலாகக் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் யாரோ யாரையோ திட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

வல்லரசு இலைகளைக் கீழே போட்டுவிட்டு, தரையிலேயே உட்கார்ந்தான். "தெரியும்பா," என்றான். சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். முருகையன் கையை நீட்டி அவன் தலைமேல் வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, முகத்தை மூடியபடியே நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு முழம் இடைவெளியெல்லாம் இல்லை.

"இன்னொரு வாட்டி போடு இசை," என்றான்.

போட்டேன்.